தலையணைக்குள் இருந்த வேதம்

ஆறு வருஷம் பாடுபட்டும் பலனில்லையென்றால் நாம் என்ன செய்வோம்? அதோனிராம் ஜட்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1813-ல் மனைவி ஆனுடன் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல்தான். ரப்பர் கன்று நட்டிருந்தால்கூட அதற்குள் பால் வெட்டுக்கு வந்திருக்கும்! ஆண்டவர் கொடுத்த வாக்கு பொய்க்காதுன்னு மனுஷன் வேதத்தைப் பர்மிய மொழியில் எழுதிக்கிட்டே இருந்தார்.

1824-ல் ஆங்கிலேயரோடு சண்டை மூண்டது. ஒற்றர் என்று சந்தேகித்து ஆவா நகரில் அவரைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள். ஆன் அம்மையார் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்தார். ஈரத்தில் கெட்டுப்போகுமே என்று பிறகு எடுத்து, யாரும் ஆசைப்படாத முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பினார். கைதிகளை வேறிடம் கொண்டுபோனபோது அதுவும் பறிபோனது. மாவுங் இங் என்ற விசுவாசி, உள்ளே இருப்பது தெரியாமலே, ஐயா ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்து வைத்தார்.

1825 கடைசியில் விடுதலை. மறு வருஷம் ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயசுக் குழந்தையும் போச்சு. ஜட்சன் நொறுங்கிப்போய்க் காட்டுக் குடிசையில் தனியே கிடந்ததுண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேனாவை விடவில்லை. 1834-ல் முழு வேதமும் முடிந்தது. 1850-ல் கடற்பயணத்தில் அவர் காலமானார். அவர் மொழிபெயர்த்த வேதத்தைப் பர்மியச் சபைகளில் இன்றும் வாசிக்கிறார்கள்.