முத்துலட்சுமி அம்மையாரும் அடையாற்று மருத்துவமனையும்

தமிழகத்தின் சிற்றூர்களில் அடையாறு என்றால் அது சென்னையின் ஒரு பகுதி என்று எண்ணுவோர் குறைவு. புற்றுநோய் மருத்துவமனை என்றே பொருள் கொள்வர். ஓர் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட அந்நிலையம் தோன்றக் காரணமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்று அவரைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. அது சிறந்த பணியே. எனினும், மருத்துவர் என்ற நிலையில் அவர் ஆற்றிய அறத்தையே ஈண்டு நாம் விரித்துரைக்க விழைகிறோம்.

அம்மையார் 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில், மன்னரின் இசைவினால் இடம்பெற்றுப் பயின்றார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அவர்தம் வாழ்வைத் திசை திருப்பியது ஒரு மரணம். தங்கை சுந்தராம்பாளுக்கு வந்த நோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே மருத்துவர்கள் கருதினர். அது மலக்குடற் புற்று என்று தெளிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923 இல் தங்கை மறைந்தார். மருத்துவரின் வீட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவம் இருந்தும் இந்நிலை என்றால், கடற்கரைக் குப்பத்து மீனவப் பெண்ணின் நிலை என்ன? 1925 இல் அம்மையார் இங்கிலாந்து சென்று, மகளிர், குழந்தைகள் மருத்துவத்தோடு, இலண்டன் புற்றுநோய் மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை என்பன அவர் அங்கே வலியுறுத்தியவை. முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி வேண்டும் என்பதும் அவர் முயற்சிகளுள் அடங்கும் என்பதை நம் மாணவியர் அறிதல் வேண்டும். காந்தியடிகள் சிறைப்பட்ட 1930 இல் அப்பதவியைத் துறந்தார். புகலற்று வந்த பெண்களுக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935 இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே அவர் கேட்டார். அந்நோய் வந்தவர் எவ்வாறாயினும் இறப்பவரே, அவர்க்கெதற்கு மருத்துவமனை என்னும் எண்ணம் ஆட்சியில் இருந்தோரிடத்தும் நிலவிய காலம் அது. பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934 முதலே இயங்கியது உண்மை. ஆனால் கண்டறிதல், அறுவை, கதிர்வீச்சு, ஆராய்ச்சி அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் தென்னகத்தில் இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக 1949 இல் நிதி தொடங்கி, அம்மையார் பொருள் திரட்டினார். அறுபதைக் கடந்த வயதில் ஒரு மருத்துவர் பிறர் வாயிலில் நின்று கேட்பதென்பது எளிதன்று. 1952 அக்டோபர் 10 அன்று நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டே படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955 இல் டாக்டர் சாந்தா இணைந்தார்.

அக்காலத்தே மருத்துவக் காப்பு யாருக்கு இருந்தது? 1948 ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளரைக் கருதி எழுந்தது. மயிலாப்பூர் மாடவீதியில் பூக்கட்டி விற்பவரும், தியாகராயநகர் வீடுகளில் பாத்திரம் துலக்குபவரும், கொத்தனாரும் சித்தாளும் அதன் எல்லைக்குள் வரவில்லை. புற்றுநோயோ ஒருநாள் மருந்தோடு தீர்வதன்று. கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரங்கள் நீளும். அத்தனை நாளும் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஆதலின் ஏழைகள் வலி பொறுக்க இயலாத நிலையில்தான் வந்தனர். சென்னைப் பெண்களிடையே நெடுங்காலம் மிகுதியாகக் காணப்பட்டது கருப்பைவாய்ப் புற்று. தொடக்கத்தே கண்டால் பெரும்பாலும் குணமாகும் நோய் அது. செலவுக்கு அஞ்சிய தயக்கமே பல தாய்மாரின் உயிரைக் கொண்டது என்று நாம் துணிந்து கூறலாம். தாய் போனபின் மூத்த மகளின் படிப்பும் நின்றுபோவதை அறியாத தெரு உண்டா?

இந்த அச்சத்தைத்தான் அம்மையாரின் நிலையம் முதலில் எதிர்த்தது. இயன்றவர் கட்டணம் செலுத்துவர். இயலாதவர்க்குக் குறைந்த செலவிலோ இலவசமாகவோ அதே சிகிச்சை. குறை தீர்ந்தது நன்கொடையால். வக்ஃபின் பொருளறிந்த நம் பெரியோர்க்கு இவ்வமைப்பை விளக்க வேண்டுவதில்லை. தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009 இல். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் 2012 இல். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகள் எளியோர் நம்பிய வாயில்களுள் இதுவும் ஒன்று.

1956 இல் பத்மபூஷண் பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22 அன்று, எண்பத்திரண்டு நிறைய எட்டு நாள் இருக்கையில் மறைந்தார். அவர் பெயரால் அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவியைத் தமிழகத் தாய்மார் அறிவர். மருத்துவமனையை மகனும் டாக்டர் சாந்தாவும் வளர்த்தனர். மணம் புரியாது அவ்வளாகத்திலேயே எளிய அறையில் வாழ்ந்த சாந்தா அம்மையார், 2021 ஜனவரியில் தாம் மறையும் வரை நோயாளிகளிடையேதான் இருந்தார்.