மெல்போர்னில் மூன்று கோல் போட்ட நெவில் டிசோசா

1956-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரம். ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயத்தின் அரை இறுதி ஆட்டம் நடக்கிறது. ஒரு பக்கம் யூகோஸ்லாவியா. மறு பக்கம் இந்தியா.

பாதி ஆட்டம் முடிந்தது. இரு கோஷ்டிகளும் கோல் போடவில்லை. மறுபடியும் ஆட்டம் தொடங்கியது. 52-வது நிமிடம். இந்திய வீரர் ஒருவர் பந்தை வலைக்குள் செலுத்திவிட்டார். கோல்! இந்தியா முந்திவிட்டது! அப்படியே ஆட்டம் முடிந்தால் தங்கப் பதக்கத்துக்கு இந்தியா மோத வேண்டியதுதான்.

அந்தக் கோலைப் போட்டவர் நெவில் டிசோசா. அப்போது அவருக்கு வயது 24.

கோவாவில் பிறந்தவர்

நெவில் 1932-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி பிறந்தார். ஊர், கோவாவில் உள்ள அசகாவ். ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் நம் ஒடுகத்தூரை விடச் சிறிய கிராமம்.

அன்று கோவா போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தது. இந்தியா 1947-ல் சுதந்திரம் அடைந்தது. கோவாவுக்கோ 1961 டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது. ஆக, நெவில் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடியபோது அவர் பிறந்த ஊரில் அன்னியக் கொடி பறந்துகொண்டிருந்தது! முந்தின ஆண்டுதான், 1955 ஆகஸ்டு 15-ந் தேதி, கோவாவுக்குள் நுழைந்த சத்தியாக்கிரகிகள் மீது போர்ச்சுக்கீசியர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பலர் மாண்டார்கள்.

கோவா மக்கள் பிழைப்பைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பம்பாய்க்கு வருவது வழக்கம். கப்பல் வேலை, சமையல் வேலை, குமாஸ்தா வேலை, பாண்டு வாத்தியம் என்று பல தொழில்களைச் செய்தார்கள். எந்த வேலையில் இருந்தாலும் கால்பந்து என்றால் அவர்களுக்கு உயிர். நெவிலும் பம்பாய் மைதானங்களில்தான் பேர் எடுத்தார். டாட்டா கம்பெனியின் விளையாட்டுக் கழகத்துக்கு ஆடினார். தம்பி டெரிக்கும் பின்னால் பெரிய ஆட்டக்காரர் ஆனார். அவரும் இந்தியாவுக்கு ஆடினார்.

இப்போது போல அன்று கால்பந்து வீரர்களுக்குக் கோடி கோடியாகப் பணம் கிடையாது. கம்பெனியில் உத்தியோகம், அங்கே கிடைக்கும் சம்பளம், சாயங்காலம் பயிற்சி. அவ்வளவுதான்!

நெவில் ஆடிய இடம் 'சென்டர் பார்வர்ட்'. எதிரியின் கோலுக்கு முன்னால் நடுநாயகமாக நிற்பவர். மற்றவர்கள் பாடுபட்டுப் பந்தைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அவர் அதைக் கோலாக்க வேண்டும். போட்டால் மாலை, தவறினால் ஏச்சு. வீட்டில் சமையல் செய்கிறவர் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான்!

வெறுங்கால் போய் பூட்ஸ் வந்தது

1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் நாட்டுடன் மோதி 2-1 கணக்கில் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். தோற்றாலும் பாராட்டு கிடைத்தது.

1952-ல் ஹெல்சிங்கி நகரில் நடந்தது வேறு கதை. குளிர் நாடு. அங்கே இதே யூகோஸ்லாவியா இந்தியாவுக்கு 10 கோல் போட்டது. இந்தியா போட்டது ஒன்றே ஒன்று! தலைகுனிந்து திரும்பினார்கள். இனி பூட்ஸ் அணிந்துதான் ஆட வேண்டும் என்று கால்பந்துச் சம்மேளனம் உத்தரவு போட்டது.

பயிற்சியாளர் ஐதராபாத் சையது அப்துல் ரகீம், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் 1956-ல் மெல்போர்னுக்கு ஒரு கோஷ்டியைத் தயார் செய்தார். தலைவர் வங்காளத்தின் சமர் பானர்ஜி. வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி. நடுவில் நெவில்.

மூன்று கோல்!

முதல் சுற்றில் இந்தியா மோத வேண்டிய ஹங்கேரி கோஷ்டி பந்தயத்துக்கு வராமல் விலகிக்கொண்டது. எனவே இந்தியா நேராகக் கால் இறுதிக்குப் போயிற்று. அங்கே எதிரி யார்? சொந்த மண்ணில் ஆடும் ஆஸ்திரேலியா!

டிசம்பர் 1-ந் தேதி. 9-வது நிமிடத்தில் நெவில் முதல் கோலைப் போட்டார். 17-வது நிமிடத்தில் ஆஸ்திரேலியா சமன் செய்தது. 33-வது நிமிடத்தில் நெவில் மறுபடியும் கோல். 41-வது நிமிடத்தில் மறுபடியும் சமன். இரண்டுக்கு இரண்டு! இடைவேளைக்குப் பிறகு, 50-வது நிமிடத்தில் நெவில் மூன்றாவது கோலையும் போட்டுவிட்டார். அதன் பிறகு ஆஸ்திரேலியாவால் எழுந்திருக்க முடியவில்லை. 80-வது நிமிடத்தில் கிட்டு என்ற கிருஷ்ணசாமி நாலாவது கோலைப் போட்டார். இந்தியா 4, ஆஸ்திரேலியா 2.

ஒரே ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல் போடுவதை 'ஹாட்ரிக்' என்பார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் செய்த முதல் ஆசியர் நெவில் டிசோசாதான். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

உள்ளூர் ரசிகர்களுக்கு இது அதிர்ஷ்டத்தால் வந்த வெற்றியாகத் தோன்றியிருக்கலாம். சில நாள் கழித்து, டிசம்பர் 12-ந் தேதி, சிட்னி நகரில் இரு கோஷ்டிகளும் மறுபடியும் மோதின. இந்தியா 7-1 கணக்கில் ஜெயித்தது!

இரண்டே நிமிடம்

இனி அரை இறுதிக்கு வருவோம். நாலு ஆண்டுக்கு முன் 10 கோல் போட்ட அதே யூகோஸ்லாவியாவை எதிர்த்து இந்தியா ஒரு கோல் முன்னால் நிற்கிறது. பழி தீர்க்கும் நேரம்!

ஆனால் அந்த ஆனந்தம் இரண்டே நிமிடம்தான் நீடித்தது. 54-வது நிமிடத்தில் யூகோஸ்லாவியா சமன் செய்தது. 57-ல் ஒன்று, 65-ல் ஒன்று. கடைசியில் 78-வது நிமிடத்தில் இந்திய வீரர் ஒருவர் மேலேயே பட்டுப் பந்து நம் கோலுக்குள் போய்விட்டது. 4-1 கணக்கில் தோல்வி. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 கணக்கில் ஜெயித்தது. பதக்கம் இல்லாமல் நாலாவது இடத்தோடு இந்தியா திரும்பியது.

அந்தப் பந்தயத்தில் மிக அதிகமாகக் கோல் போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் யூகோஸ்லாவியர், ஒருவர் பல்கேரியர். மூன்றாவது ஆள் நெவில் டிசோசா. ஆளுக்கு நாலு கோல். நெவில் ஆடியதோ மூன்றே ஆட்டம்!

விருது இல்லை

1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியில் நெவில் இல்லை. அங்கே பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கால்பந்துக் கோல் அதுதான். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஒலிம்பிக் வாசலையே மிதிக்கவில்லை.

1961-ல் அர்ஜுனா விருது ஏற்பட்டது. முதல் ஆண்டே கால்பந்துக்காக அதைப் பெற்றவர் பி.கே. பானர்ஜி. பிறகு பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், பீட்டர் தங்கராஜ் என்று வரிசையாகப் பெற்றார்கள். எல்லோரும் தகுதி உள்ளவர்களே. ஆனால் மெல்போர்னில் மூன்று கோல் போட்டவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. கூப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டாமா?

1968-ல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானைச் சேர்ந்த கமாமோட்டோ 7 கோல் போட்டார். அவரும் ஒரு ஹாட்ரிக் செய்தார். பதக்க ஆட்டத்தில் மெக்சிகோவை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 கணக்கில் தோற்கடித்து ஜப்பான் வெண்கலம் வாங்கியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இந்தியாவின் கைக்கெட்டியும் நழுவிய அதே வெண்கலம்!

நெவில் டிசோசா 1980-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி காலமானார். வயது 47.