நடுவில் ஓட்டை போட்ட ஒரு பித்தளைத் துண்டு

பைக்குக்கு ஆஃப்டர்மார்க்கெட் பார்ட் மாட்டுற ஆளா நீங்க? அப்போ பியாட்ரிஸ் ஷில்லிங்கைத் தெரிஞ்சுக்கணும்.

1909-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 14 வயசிலேயே சொந்த பைக். மான்செஸ்டரில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் பைக்கை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டினார். நம்ம கணக்கில் 170 கி.மீ., அதுவும் 1930-களில்! வேலை பார்த்தது ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில், கார்புரேட்டர்கள் மேல்.

1940-ல் போர் உச்சத்தில் இருந்தது. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினுக்கு ஒரு பலவீனம்: மூக்கைச் சட்டுன்னு கீழே இறக்கினா இருமும், சில சமயம் நின்னே போகும். ஏன்னா அப்போ ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மேலே ஏறிடும். முதல்ல இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தாது. அடுத்த நொடியே ஃப்ளோட் ஏமாந்து, பெட்ரோல் வெள்ளமா உள்ளே வரும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அவங்க டைவ் அடிச்சுத் தப்பிச்சிடுவாங்க, துரத்துற பைலட் இன்ஜின் இல்லாம தொங்கணும்.

புது கார்புரேட்டர் வர்றவரை ஷில்லிங் காத்திருக்கலை. நடுவில் ஓட்டையோட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, அவ்வளவுதான். முழு பவருக்கு எவ்வளவு பெட்ரோல் வேணுமோ, அதுக்கு மேல அந்த ஓட்டை விடாது. 1941-ல் சின்னக் குழுவோட விமானத் தளம் தளமாப் போய் மாட்டினார். விமானத்தைக் கழட்டிப் போடவே தேவையில்லை. முதல் இருமல் போகலைதான். ஆனா வெள்ளம் நின்னுச்சு, பைலட்டுகளுக்கு அது போதும்.

போருக்கு அப்புறம் கணவரோட சேர்ந்து ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்தில் ஓட்டினார். ஃபார்ன்பரோ வேலையை விட்டது 1969-ல்தான்.