பட்டாடை உடுத்திய துறவி

மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டுப் பீங்கானாக்கும் தொழிலை நம் விருத்தாசலத்தில் அறியாதவர் இல்லை. இங்கு உருவாகும் பொம்மைகளும் அகல் விளக்குகளும் பல ஊர்களுக்குச் செல்கின்றன. மண்கலத்தைப் பெருங்கலையாகவே போற்றி வளர்த்த நாடு ஜப்பான். அங்கே தேநீர்க் கிண்ணத்தைக் கையில் ஏந்துவதற்கும் ஒரு முறை உண்டு. விருந்தினர் முன் தலை வணங்குவதற்கும் ஒரு முறை உண்டு. அந்நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி, அதன் பழக்க வழக்கங்களைக் கற்றுக்கொண்ட ஒருவர், அதற்கு முன்பே நம் தமிழ்க் கடற்கரையில் வெறுங்காலுடன் நடந்தவர். அவரே புனித பிரான்சிஸ் சவேரியார். கோட்டாற்றுப் பேராலயமும் மணப்பாட்டுக் குகையும் நமக்கு நன்கு நினைவூட்டுகின்ற அதே சவேரியார்தான்.

அவர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நவார் நாட்டில், சேவியர் கோட்டையில் உயர்குடியில் பிறந்தார். பாரிஸ் மாநகரில் கற்றுத் தேர்ந்து பெயரும் புகழும் பெறவேண்டும் என்பதே இளமையில் அவருடைய கனவு. அங்கே புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரை மாற்றியது. 1534இல் மற்ற தோழர்களுடன் சேர்ந்து ஏழ்மையையும் கற்பையும் வாக்களித்தார். உயர்குடியின் ஆடம்பரத்தை அன்றே துறந்தார்.

1542 மே மாதம் கோவாவை அடைந்த சவேரியார், அவ்வாண்டின் இறுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரிந்தவர்களின் உதவியுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டி, அவற்றைக் கற்பித்தார். பழைய அங்கியும் எளிய உணவும் அவருக்குப் போதுமானவையாயிருந்தன. அந்த எளிமையைக் கண்டே பரதவ மக்கள் அவரைத் தங்களுள் ஒருவராக ஏற்றனர்.

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். கோவாவில் கல்வி கற்று, 1548இல் பவுல் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். ஜப்பானியர் ஏன் மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள் என்று சவேரியார் அவரிடம் கேட்டார். மனிதனுக்குத் தலை மேலேயும் கால் கீழேயும் இருப்பதால், எழுத்தும் அப்படியே செல்வதுதான் முறை என்றார் அஞ்சிரோ. தம் நாட்டு வழக்கமே இயற்கையானது என்று எண்ணுவது எல்லா நாட்டினருக்கும் பொதுவன்றோ! சவேரியார் இந்த விடையைச் சிரித்து ஒதுக்கிவிடாமல், இஞ்ஞாசியாருக்குக் கடிதத்தில் எழுதியனுப்பினார்.

1549 ஆகஸ்ட் 15, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, அவர்கள் ககோஷிமாவில் கரை இறங்கினர். காஸ்மே தெ தோரஸ் அடிகளாரும், சகோதரர் யுவான் பெர்னாண்டசும், மலபாரைச் சேர்ந்த அமதோர் என்னும் இந்தியரும் உடன் இருந்தனர். ஜப்பானியர் செல்வத்தைவிட மானத்தையே பெரிதாக மதிப்பதையும், ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையுடன் நடத்துவதையும், பலர் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதையும் சவேரியார் வியந்து எழுதினார். சோறும் காய்கறியும், எப்போதாவது மீனுமே அவர்களுடைய உணவு என்பதையும் குறித்தார். நிஞ்சிட்சு என்ற முதிய பௌத்த மடாதிபதியுடன் நட்புக் கொண்டு உரையாடினார். மடங்களில் தாம் தவறென்று கண்டதைக் கடுமையாகக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை. ஆயினும் நிஞ்சிட்சுவுடன் கொண்ட நட்பு நட்பாகவே இருந்தது.

நாட்டின் பேரரசரைக் கண்டு அனுமதி பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். 1550ஆம் ஆண்டின் கடுங்குளிரில், பனியில் நடந்தும் படகில் சென்றும், 1551 ஜனவரியில் கியோத்தோவை அடைந்தார். வழியெங்கும் கந்தல் ஆடை அணிந்த இந்த அந்நியரைப் பலர் ஏளனம் செய்தனர். கியோத்தோவோ உள்நாட்டுப் போரினால் சிதைந்து கிடந்தது. காணிக்கை ஏதும் இன்றி எளிய கோலத்தில் வந்தவருக்கு அரண்மனைக் கதவு திறக்கவில்லை. ஏறத்தாழ பதினொரு நாட்களில் அவர் திரும்பிவிட்டார்.

இங்கேதான் சவேரியாரின் உண்மையான சோதனையை நாம் காண்கிறோம். நம் கடற்கரையில் அன்பின் அடையாளமாயிருந்த பழைய அங்கி, ஜப்பானில் அவமதிப்பாகத் தோன்றியது. பெரியோரைக் காணச் செல்பவர் தகுந்த உடையும் காணிக்கையும் இன்றிச் செல்வது அங்கே மரியாதைக் குறைவு. ஏழ்மையை வாக்களித்த துறவி என்ன செய்வது? தமக்குப் பிரியமான ஏழ்மைக் கோலத்தைப் பிடித்துக்கொள்வதா, அந்நாட்டாரின் மனம் நோகாமல் நடப்பதா? சவேரியார் பட்டாடை உடுத்தினார். பேரரசருக்கென வைத்திருந்த கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி முதலிய பொருட்களையும், கோவா ஆளுநர், ஆயர் ஆகியோரின் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, யமகுச்சியின் சிற்றரசர் ஓஉச்சி யோஷிதகாவிடம் சென்றார். மகிழ்ந்த சிற்றரசர் போதிக்க அனுமதியும், தங்குவதற்கு ஆளில்லாத மடம் ஒன்றும் அளித்தார். உயர்குடியில் பிறந்து பட்டைத் துறந்தவர், பிறர்பொருட்டு அதை மீண்டும் உடுத்தியது ஆடம்பரம் அன்று. அதுவும் ஒரு துறவே.

யமகுச்சியில் ஏறக்குறைய 500 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் ஒருவர், நம் வில்லுப்பாட்டுக் கலைஞரைப் போல, பிவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பழங்கதைகளைச் சொல்லிவந்தவர்; கண்பார்வை மங்கியவர். லொரென்சோ என்ற பெயர் பெற்ற அவர், பின்னர் இயேசு சபையில் முதல் ஜப்பானியச் சகோதரராகி, இறக்கும்வரை போதித்தார்.

1551 செப்டம்பரில் புங்கோ நாட்டின் இளம் தலைவர் ஓதொமோ யோஷிஷிகே சவேரியாரை மதிப்புடன் வரவேற்றார். தேநீர்க் கலைக்குரிய அரிய மண்கலங்களைத் தேடிச் சேர்ப்பதில் பெயர் பெற்றவர் அவர். 1578இல் ஞானஸ்நானம் பெற்றபோது, பிரான்சிஸ் என்ற பெயரையே விரும்பி ஏற்றார். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விருந்தினரை அவர் மறக்கவில்லை!

1551 நவம்பரில் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட சவேரியார், சீனாவுக்குள் நுழைய ஆவலுடன் காத்திருந்து, 1552 டிசம்பர் 3ஆம் நாள் சான்சியான் தீவில் உயிர்நீத்தார். 1622இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. பின்வந்த வலிஞ்ஞானோ அடிகளார், 1581இல் ஜப்பானிய மரியாதை முறைகளைத் தம் குருக்களுக்கென ஒரு நூலாகவே எழுதினார். சபை இல்லங்களில் தேநீர் அறையும் அமைக்கச் செய்தார்.

அன்புத் தோழியரே, நம்முள் பலர் நாளை கல்விக்காகவும் பணிக்காகவும் வேற்றூருக்கும் வெளிநாட்டிற்கும் செல்லப்போகிறோம். நமக்குப் பழகியதே சரியென்று சாதிப்பது எளிது. அங்குள்ளோர் எதை மரியாதை என்று கருதுகிறார்கள் என்று முதலில் கேட்டறிவதே கடினம். விசுவாசத்தில் ஒரு சிறிதும் விட்டுக்கொடுக்காத சவேரியார், தம் உடையையும் உணவையும் பிறருக்காக விட்டுக்கொடுத்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பகுத்தறியும் அந்த ஞானத்தை நமக்கும் பெற்றுத்தருமாறு அவரை வேண்டுவோமாக.