பிளாசிப் பிரபு ராபர்ட் கிளைவ்

1744ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் வந்திறங்கிய பதினெட்டு வயதுக் குமாஸ்தா ஒருவரின் வரலாற்றைப் பள்ளிப் பாடங்களிலே வீரர் வரலாறாக நாம் படித்திருக்கின்றோம். ஆற்காட்டு முற்றுகையும் பிளாசிப் போரும் பரீட்சைக் கேள்விகளாயின. அதே வாழ்க்கையைப் பொருள் சேர்ந்த வழியை வைத்துப் படிப்பதும் உண்டு. ஈண்டு நாம் அவ்வழியையே மேற்கொள்கின்றோம்.

ராபர்ட் கிளைவ் 1725இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்ப் பகுதியில், பழமை மிகுந்து வசதி குன்றிய குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவனாயிருக்கையில் தோழர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, கடைகளின் கண்ணாடியை உடைக்காதிருக்கக் கடைக்காரரிடம் கப்பம் வாங்கினார் என்றொரு கதை வழங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குத் தந்த சம்பளம் ஆண்டுக்கு 5 பவுன். சம்பளத்தைக் குறைத்து, சொந்த வியாபாரம் செய்துகொள்ள ஊழியருக்கு இடங்கொடுப்பது அக்கம்பெனியின் வழக்கம். பின்னர் விளைந்தவை அனைத்திற்கும் வித்து இங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர் மாறுவேடத்திற் தப்பி, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அடைந்தார். 1751இல் ஏறத்தாழ ஐந்நூறு பேருடன் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அவருடைய துணிவை நாம் மறுக்கவில்லை. ஆயினும், படைக்கு உணவுப்பொருள் வாங்கித் தரும் அதிகாரியாகவும் அவர் இருந்தார். அதிற் கிடைத்த தரகுப் பணமே அவரைச் செல்வராக்கியது. 1753இல் ஊர் திரும்பியபோது அவர் கையில் சுமார் 40,000 பவுன் இருந்தது. அதைக் கொண்டு பார்லிமெண்டுக்குப் போட்டியிட்டு வென்றார். தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பணமும் கரைந்து, மீண்டும் கப்பலேறினார்.

1757இல் வங்காளத்தில் நடந்தது போர் என்பதைவிடப் பேரம் என்பதே பொருந்தும். நவாப் சிராஜ் உத் தௌலாவை வீழ்த்த, அவருடைய தளபதி மீர் ஜாபரும் ஜகத் சேட் என்னும் பெருவட்டிக்கடைக் குடும்பத்தாரும் கம்பெனியோடு இரகசியமாகக் கூடினர். இடைத்தரகரான அமீர்சந்த் என்னும் வணிகர் தமக்கொரு பெரும்பங்கு கேட்டு, தராவிடில் இரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டினார். கிளைவ் இரண்டு உடன்படிக்கைகள் எழுதுவித்தார்: வெள்ளைத் தாளில் மெய், சிவப்புத் தாளிற் பொய். பொய்த்தாளில் ஒப்பமிடக் கடற்படைத் தலைவர் வாட்சன் மறுக்கவே, அவர் கையொப்பத்தைப் பிறரைக்கொண்டு இடுவித்தார். ஜூன் 23ஆம் நாள் மீர் ஜாபர் படையோடு வாளாவிருந்தார், போர் முடிந்தது. கம்பெனிப் பக்கம் இறந்தவர் முப்பதின்மர்கூட இல்லை. புதிய நவாப், முர்ஷிதாபாத் கருவூலத்தைத் திறந்து கிளைவுக்கு அளித்தது 2,34,000 பவுன்.

இரண்டாண்டு கழித்து ஒரு ஜாகீரும் வந்தது. கல்கத்தாவைச் சூழ்ந்த நிலங்களுக்காகக் கம்பெனி நவாபுக்குச் செலுத்திவந்த வாரம், ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன், இனிக் கிளைவுக்கே உரியதாயிற்று. எசமானன் தன் வேலைக்காரனுக்குக் குடிவாரம் கட்டும் விந்தையை வேறெங்கும் நாம் கேட்டதில்லை! 1762இல் அவர் பிளாசிப் பிரபுவும் ஆனார்.

அவர் சென்றபின் கல்கத்தாச் சபையினர் நவாபுகளை மாற்றி மாற்றி அமர்த்தி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் வெகுமதி பெற்றனர். இவ்வூழலை ஒழிக்க அனுப்பப்பட்டு 1765இல் வந்து சேர்ந்தவர் யார்? கிளைவ் பிரபுவே. வழியில் சென்னையில் மீர் ஜாபர் இறந்த செய்தி கிட்டியதும், வங்காளம் கம்பெனி வசமாகும் என்றுணர்ந்து, தமக்காகக் கம்பெனிப் பங்குகளை வாங்கும்படி இலண்டனிலிருந்த தம் முகவருக்கு இரகசியமாக எழுதினார். ஆகஸ்டு 12ஆம் நாள் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம், ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் பெறுவதாக ஏற்று, வங்காளம், பீகார், ஒரிஸ்ஸாவின் வரிவசூல் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்.

வெகுமதி வாங்கலாகாதென ஊழியரிடம் உறுதி எழுதி வாங்கினார் கிளைவ். அதற்கஞ்சாது பகையையும் தேடிக்கொண்டார். ஆனால் அதே ஆண்டில் உப்பு, பாக்கு, புகையிலை வாணிகத்தை ஒரு சங்கத்தின் ஏகபோகமாக்கி, உயர் அதிகாரிகளுக்குப் பங்கு வகுத்தார். அவருக்கும் பங்கு இருந்தது. ஏழையின் கஞ்சியில் விழும் உப்பு, ஊழலை ஒழிப்பவர்களின் ஊதியமாயிற்று.

கம்பெனியின் இலாபப் பங்கு நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. 1767இல், ஆண்டுக்கு 4,00,000 பவுன் தரவேண்டுமென்று பிரிட்டிஷ் அரசாங்கமும் கைநீட்டியது. பதவியிலிருந்தோரும் பங்கு வைத்திருந்தோரும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தார். 1769-70இல் மழை பொய்த்து வங்காளம் பஞ்சத்தில் ஆழ்ந்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று பின்னர் கவர்னரான வாரன் ஹேஸ்டிங்ஸ் கணக்கிட்டார். இருந்தும் வரி வசூல் குன்றவில்லை. இறந்தவர் வரியை உயிரோடிருந்த அண்டை வீட்டார்மேல் ஏற்றியே அதைக் காத்தனர். கிளைவ் அப்போது இங்கிலாந்தில் கிளேர்மாண்ட் பண்ணையை வாங்கி, இருந்த மாளிகையை இடித்துப் புதியது கட்டிக்கொண்டிருந்தார். பஞ்சகாலத்தில் ஆட்சி அவர் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் வசூல் இயந்திரத்தைப் பூட்டிச் சென்ற கை அவருடையதே.

1772இல் கம்பெனி கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் இரந்து நின்றபோது, பார்லிமெண்டு விசாரணை தொடங்கிற்று. கிளைவ் தலை குனியவில்லை. முர்ஷிதாபாத் கருவூலத்தில் பொன்னும் மணியும் இருபுறமும் குவிந்திருக்கத் தாம் நடுவே நடந்ததை நினைவூட்டி, அவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்ட தம் அடக்கத்தை எண்ணித் தாமே வியப்பதாகக் கூறினார். பொய்யுடன்படிக்கை பற்றி வினவியபோது, தேவைப்பட்டால் நூறு முறையும் அவ்வாறே செய்வேன் என்றார். எடுத்த பொருளை எடுக்காது விட்ட பொருளோடு ஒப்பிடும் இந்தக் கணக்கில், கொடுத்தவனுக்கு இடமே இல்லை. புத்தர் பெருமான் வேட்கையை முதல் நோயாகச் சொன்னதன் காரணம், நோயுற்றவன் தன்னை நலமுற்றவனாகவே கருதுவது போலும்.

1773 மே மாதம், அவர் 2,34,000 பவுன் பெற்றது உண்மை என்றும், நாட்டுக்கு அவர் பெருந்தொண்டு ஆற்றினார் என்றும் பார்லிமெண்டு ஒருங்கே தீர்மானித்தது. பொருளைத் திருப்பித் தருமாறு யாரும் கட்டளையிடவில்லை. முர்ஷிதாபாத்திலிருந்தோ வங்காளக் கிராமங்களிலிருந்தோ சாட்சி சொல்ல எவரும் அழைக்கப்படவுமில்லை.

1774 நவம்பர் 22ஆம் நாள், இலண்டன் பெர்க்லி சதுக்கத்து மாளிகையில், நாற்பத்தொன்பதாம் வயதில் கிளைவ் இறந்தார். நெடுநாளாக வயிற்று வலிக்கு அபின் உண்டு வந்தவர்; தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பது பெரும்பாலோர் துணிபு. மார்ட்டன் சே என்னும் சிற்றூர்க் கோயிலில், இடம் குறிக்கும் கல்லின்றி அவரை அடக்கம் செய்தனர். அவருடைய ஜாகீரை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கக் கம்பெனிப் பங்குதாரர்கள் 1767இலேயே தீர்மானம் செய்திருந்தார்கள். அந்தத் தவணை முடிய அப்போது இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.