சோழர்களுக்கு முகம் கொடுத்த ஓவியர் மணியம்

மாட்டுங்காவில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர் வீடுகள் சிலவற்றில், பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு ஒன்று இன்றும் இருக்கும். ‘கல்கி’ வார இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. கதை எழுதியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். படம் போட்டவர் யார் என்று கேட்டால் இளைஞர்கள் விழிக்கிறார்கள்.

அவர் ஓவியர் மணியம். டி. யு. சுப்பிரமணியம் என்பது முழுப்பெயர். 1924-ல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை வகித்த பள்ளி அது. பின்னர் ‘கல்கி’ பத்திரிகையில் சேர்ந்தார்.

1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது மணியத்துக்கு வயது இருபத்தாறு. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்களுக்குப் புகைப்படம் ஏது? குந்தவை எப்படி இருந்தாள், போர் வீரன் எதை உடுத்தினான் என்பதைக் கோயில் சிலைகளிலும் சுவர் ஓவியங்களிலும்தான் தேட வேண்டும். ஆசிரியர் கல்கி அவரை அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் உடன் அழைத்துச் சென்றார். அந்த அஜந்தா நமக்குப் பக்கம்தான். தாதரில் ரயில் ஏறி ஜல்காவில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

வாரப் பத்திரிகை வேலையில் நாள் தவறக் கூடாது. எழுத்து வந்து, படம் வரைந்து, பிளாக் எடுத்து, அச்சேற வேண்டும். மூன்றரை ஆண்டுகள், 1954 வரை, இந்தக் கதைக்கு மணியம் வரைந்தார். நந்தினியின் ஆண்டாள் கொண்டையும், படகு வலிக்கும் பூங்குழலியும், குதிரை மேல் வந்தியத்தேவனும் வாசகர் மனத்தில் பதிந்தது அப்படித்தான்.

இந்த எளியேன் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பள்ளியில் இந்தியும் மராத்தியும்தான். தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கவே திணறுவேன். இரும்புக்கை மாயாவியையும் அம்புலிமாமா வேதாளத்தையும் படத்துக்காகவே புரட்டிய வயதில், அண்டை வீட்டுப் பெரியவர் தம் பைண்டைக் கொடுத்தார். படகில் போகும் அந்தப் பெண் யார், எங்கே போகிறாள் என்று அறியும் ஆவலில்தான் வரி வரியாகத் தமிழ் படித்தேன். மும்பையில் என்னைப் போல் தமிழ் கற்றவர்கள் பலர் இருக்கக் கூடும்.

மணியம் 1968-ல் காலமானார். வயது நாற்பத்து நான்குதான். அவருடைய மகன் ‘மணியம் செல்வன்’ என்ற பெயரில் வரைந்து தாமும் புகழ் பெற்றார்.

பிறகு வேறு ஓவியர்களும் இக்கதைக்கு வரைந்தார்கள். 2022-லும் 2023-லும் திரைப்படமாகவும் வந்தது. இன்று விற்கும் பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை. ஆகவே, வீட்டில் பழைய பைண்டு இருந்தால் ரத்திக்காரரின் தராசில் வைத்துவிடாதீர்கள். தமிழ் படிக்கத் தயங்கும் பிள்ளை முன் ஒருநாள் பிரித்து வையுங்கள்.