அறுவை மருத்துவர் டேனியல் வில்லியம்ஸ்

முன்னுரை

உடற்பிணி தீர்க்கும் மருத்துவத் தொழில் உயர்ந்த தொழில் என்பதை யாவரும் அறிவர். அத்தொழிலின் பல துறைகளுள்ளும் அறுவை மருத்துவம் மிக்க பொறுப்புடையது. கத்தியை ஏந்திய கை சிறிதே தவறினும் நோயாளியின் உயிர்க்கு ஊறு நேரும். ஆதலின், அத்துறையில் ஈடுபடுவோரைக் குறித்துக் கேட்கத்தக்க வினா ஒன்றே. இவரிடம் வந்த நோயாளி நலம் பெற்று மீள்வாரா என்பதே அது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வினாவிற்கு முன்னர் வேறொரு வினா எழுந்தது. மருத்துவரது தோலின் நிறம் யாது என்பதே அவ்வினா. அந்த இரண்டாம் வினாவைப் பொருட்படுத்தாது, முதல் வினாவிற்குத் தம் செயலால் விடை கூறிய பெருந்தகையார் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் ஆவார்.

பிறப்பும் இளமையும்

வில்லியம்ஸ், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஹாலிடேஸ்பர்க் என்னும் ஊரில் 1856-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் அவர் ஐந்தாமவர். தந்தையார் முடி திருத்தும் தொழிலை மேற்கொண்டிருந்தார். நாட்டின் தென் மாநிலங்களில் அடிமை முறை நிலவிய அக்காலத்தில், அவர் குடும்பத்தார் அடிமைத்தளைக்கு உட்படாத கறுப்பின மக்களாய் வாழ்ந்து வந்தனர். வில்லியம்ஸுக்குப் பத்து வயதளவில் தந்தையார் காச நோயால் இறந்தார். அதன்பின் குடும்பம் பல இடங்களில் பிரிந்து வாழ நேர்ந்தது. இளைஞராகிய அவர் பால்டிமோர் நகரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் கற்க விடப்பட்டார். அத்தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. அவ்விடத்தை விட்டு நீங்கி, இல்லினாய் மாநிலத்தில் இருந்த தம் அன்னையாரை நாடிச் சென்றார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரை அடைந்து, அங்கே முடி திருத்தும் நிலையம் ஒன்றில் பணியாற்றினார்.

மருத்துவக் கல்வி

ஜேன்ஸ்வில் நகரில் ஹென்றி பாமர் என்னும் புகழ் வாய்ந்த அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்தவர். 1878-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் அவரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். இரண்டாண்டுகள் அவருடன் இருந்து, மருந்து கலத்தல், புண் கட்டுதல், எலும்பு முறிவைப் பொருத்துதல் முதலியவற்றைக் கற்றார். 1880-ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்லூரிச் செலவிற்குப் போதிய பொருள் அவரிடம் இல்லை. முன்னர் அவருக்கு வேலை தந்த முடி திருத்தும் நிலையத்தின் உரிமையாளர் ஹாரி ஆண்டர்சன் என்பாரே பொருளுதவி செய்தார். 1883-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அடைபட்ட கதவுகள்

பட்டம் பெற்ற வில்லியம்ஸ் சிக்காகோ நகரின் தென்பகுதியில் மருத்துவத் தொழில் தொடங்கினார். அவருடைய திறமையை அறிந்து, அவர் பயின்ற கல்லூரியே உடற்கூற்றியல் பயிற்றும் பணியை அவருக்கு அளித்தது. 1889-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநில நல்வாழ்வுக் கழகத்தின் உறுப்பினராகவும் அவர் அமர்த்தப்பட்டார். இவ்வளவு சிறப்புகளைப் பெற்றிருந்தும், தம் நோயாளியைப் பெரிய மருத்துவமனை ஒன்றிற் சேர்த்துத் தம் கையால் அறுவை செய்யும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை. கறுப்பின மருத்துவர்க்கு அம்மருத்துவமனைகளில் இடம் இல்லை. ஆதலின், ஏழை மக்களின் வீடுகளிலேயே, உணவறையையும் சமையலறையையும் கழுவித் தூய்மை செய்து, அவர் அறுவை மருத்துவம் செய்ய வேண்டியதாயிற்று.

புண்ணில் நுண்கிருமிகள் புகுவதே சீழ் பிடிப்பதற்கும் இறப்பிற்கும் காரணம் என்பதை, இங்கிலாந்து நாட்டுப் பேரறிஞர் லிஸ்டர் அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே உணர்த்தியிருந்தார். ஆயினும், மருத்துவர் பலர் அம்முறையை முழுதும் கைக்கொள்ளவில்லை. வில்லியம்ஸோ அதனை அணுவளவும் பிறழாது கடைப்பிடித்தார். கருவிகளையும் கைகளையும் கிருமிநாசினியால் தூய்மை செய்யாது அவர் அறுவையைத் தொடங்குவதில்லை.

பிராவிடென்ட் மருத்துவமனை

1890-ஆம் ஆண்டின் இறுதியில் லூயிஸ் ரெனால்ட்ஸ் என்னும் சமயப் போதகர் வில்லியம்ஸைக் காண வந்தார். அவருடைய தங்கையார் எம்மா ரெனால்ட்ஸ் செவிலியர் பயிற்சி பெற விரும்பினார். கறுப்பினத்தவர் என்னும் காரணத்தால் சிக்காகோ நகரின் பயிற்சிப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. ஒரு பெண்ணிற்கு மட்டும் எவ்வாறேனும் இடம் தேடித் தருவதோடு வில்லியம்ஸ் அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு அமையவில்லை. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நோயாளிக்கும் நிற வேறுபாடு பாராது இடமளிக்கும் மருத்துவமனை ஒன்றை நிறுவுதல் வேண்டும் எனத் துணிந்தார்.

அம்முயற்சிக்கு நகரத்துச் செல்வர் சிலர் பொருள் வழங்கினர். ஆர்மர், பீல்ட், புல்மன் முதலிய பெருவணிகர் அவருள் குறிப்பிடத்தக்கவர். பொருள் இல்லாத எளிய மக்கள் படுக்கை விரிப்பு, சவர்க்காரம், சருக்கரை முதலிய பண்டங்களைக் கொணர்ந்து கொடுத்தனர். 1891-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிராவிடென்ட் மருத்துவமனையும் அதனுடன் இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. ஒரு வீட்டில், பன்னிரண்டு படுக்கைகளோடு தோன்றிய சிறு நிலையம் அது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கே பணியாற்றினர். எம்மா ரெனால்ட்ஸ் அப்பள்ளியில் முதலில் பயிற்சி முடித்தவருள் ஒருவர். பின்னர் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

வில்லியம்ஸ் கதவைத் திறந்தாரேயன்றித் தகுதியைத் தளர்த்தவில்லை. கறுப்பினத்தவர் என்பது பற்றி ஒருவரைத் தள்ளுதல் எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு அது பற்றியே போதிய பயிற்சி இல்லாதவரைச் சேர்ப்பதும் என அவர் கருதினார். அத்தகையவரிடம் துன்புறுவோர் ஏழை நோயாளிகளே அல்லரோ? இவ்வுறுதியால் அவர் தம் இனத்தவருள்ளும் சிலருடைய பகையைத் தேடிக்கொண்டார். எனினும் பயன் கண்கூடாகத் தெரிந்தது. முதலாண்டில் அம்மருத்துவமனையில் மருத்துவம் பெற்றோர் 189 பேர். அவருள் 141 பேர் முற்றும் நலமடைந்தனர்; 23 பேர் ஓரளவு நலமுற்றனர்; மூவர் நிலையில் மாறுதல் இல்லை; 22 பேர் இறந்தனர். இறந்தோர் தொகையையும் மறையாது வெளியிட்ட அக்கணக்கே, கறுப்பின மருத்துவரின் திறமையை ஐயுற்றார்க்குத் தக்க விடையாயிற்று.

நெஞ்சில் பாய்ந்த கத்தி

1893-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கைகலப்பொன்றில் நெஞ்சில் கத்திக்குத்துப் பட்ட இளைஞன் ஒருவனைப் பிராவிடென்ட் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தனர். முதலில் காயம் சிறிதாகவே தோன்றியது. இரவு செல்லச் செல்ல அவன் நாடி தளர்ந்தது. இருமலும் வலியும் மிகுந்தன. இதயத்தை அடுத்து ஊறு நேர்ந்துள்ளது என்பதை வில்லியம்ஸ் உணர்ந்தார்.

அக்காலத்தில் இதயத்தின் அருகே கத்தி வைக்க மருத்துவர் அஞ்சினர். உடலின் உள்ளே காட்டும் எக்ஸ் கதிர் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. அது 1895-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. குருதி வகைகளும் அறியப்படாமையால், பிறர் குருதியை ஏற்றிக் காக்கவும் வழியில்லை. நோயாளியை அசையாது கிடத்தி, வலி தணிக்க மருந்தளித்துக் காத்திருப்பதே வழக்கம்; அவ்வாறு காத்திருப்பது பெரும்பாலும் இறப்பிற்குக் காத்திருப்பதாகவே முடிந்தது. அறுவை செய்து நோயாளி இறந்துபட்டால் பழி தமக்கு மட்டுமன்றித் தம் மருத்துவமனைக்கும் தம் இனத்து மருத்துவர் அனைவர்க்கும் வரும் என்பதை வில்லியம்ஸ் அறியாதவர் அல்லர். அறிந்தும், உயிரைக் காக்க முனைந்தார்.

மருத்துவர் அறுவர் சூழ்ந்து நின்று காண, அவர் நெஞ்சைத் திறந்தார். விலா எலும்புகளுக்கிடையே அறுபட்டிருந்த குருதிக் குழாயைக் கட்டினார். இதயத்தைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறையில் ஓர் அங்குலத்திற்குச் சற்று மிகுந்த கிழிசல் இருந்தது. இதயத்தின்மேல் இருந்த காயமோ மிகச் சிறியது. அதனைத் தைக்க வேண்டுவதில்லை எனக் கண்டார். புண்ணைக் கழுவித் தூய்மை செய்து, துடித்துக்கொண்டிருந்த இதயத்தின்மேல் அவ்வுறையைத் தைத்து முடித்தார். மூன்று வாரங்களுக்குப் பின் நெஞ்சில் தேங்கிய நீரை வெளியேற்ற மற்றோர் அறுவை தேவைப்பட்டது. ஐம்பத்தோராம் நாள் அவ்விளைஞன் நலம் பெற்று வெளியேறினான். அதன்பின் இருபதாண்டுகளுக்குமேல் வாழ்ந்தான்.

இத்தகைய அறுவையைச் செயின்ட் லூயிஸ் நகரில் வேறொரு மருத்துவர் 1891-ஆம் ஆண்டிலேயே செய்திருந்தார். எனினும், இதயத்தை அணுகி வெற்றி கண்ட முதல்வர் சிலருள் ஒருவர் என்னும் பெருமை வில்லியம்ஸுக்கு உரியதே.

பிற பணிகள்

1894-ஆம் ஆண்டில் தலைநகராகிய வாசிங்டனிலுள்ள பிரீட்மென் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராய் அவர் பொறுப்பேற்றார். விடுதலை பெற்ற அடிமைகளுக்கென ஏற்பட்ட அம்மருத்துவமனை அப்போது சீர்குலைந்து கிடந்தது. அதனைத் துறைதுறையாகப் பிரித்துச் சீர்ப்படுத்தினார். செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். இளமருத்துவர் அங்கே தங்கிப் பயில வகை செய்தார். இறப்போர் தொகை குறைந்தது. அக்காலத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் பல கறுப்பின மருத்துவரை ஏற்கவில்லை. ஆதலின், 1895-ஆம் ஆண்டில் எல்லார்க்கும் இடமளிக்கும் தேசிய மருத்துவச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவரானார்.

1898-ஆம் ஆண்டில் அவர் ஆலிஸ் ஜான்சன் என்னும் ஆசிரியையை மணந்து, சிக்காகோவிற்கு மீண்டார். அடுத்த ஆண்டு முதல், நாஷ்வில் நகரிலுள்ள மெகாரி மருத்துவக் கல்லூரிக்கு ஆண்டுதோறும் சென்று, ஊதியம் பெறாது அறுவை மருத்துவம் கற்பித்தார். கறுப்பினப் பெண்களுக்குச் சூலகக் கட்டி தோன்றுவதில்லை என்று மருத்துவர் சிலர் அந்நாளில் நம்பி வந்தனர். அந்நம்பிக்கையால் அப்பெண்களின் நோய் கண்டறியப்படாது போயிற்று. வில்லியம்ஸ் தாம் கண்ட நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி, அது பிழையென நிறுவினார்.

துன்பமும் சிறப்பும்

1912-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரின் செயின்ட் லூக் மருத்துவமனை அவரைத் தன் அறுவை மருத்துவருள் ஒருவராய் ஏற்றது. மூடியிருந்த கதவு திறந்தது என அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், வெள்ளையர் மருத்துவமனையை நாடித் தம் மக்களைக் கைவிட்டார் எனச் சிலர் பழித்தனர். மனம் வருந்திய அவர், தாம் நிறுவிய பிராவிடென்ட் மருத்துவமனையினின்றும் அவ்வாண்டே விலகினார். அடுத்த ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டபோது, அதன் தொடக்க உறுப்பினருள் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. 1926-ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் அவர் தொழிலை விட நேர்ந்தது. 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் ஐடில்வைல்ட் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

முடிவுரை

வில்லியம்ஸ் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. கறுப்பின மருத்துவரைப் புறக்கணித்தமைக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008-ஆம் ஆண்டில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. நோயாளிகள் அடையும் நலத்தைக் கணக்கிட்டு உண்மை காணும் முறை இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. ஒரு காலத்தில் பெண்களுக்கு அறுவை மருத்துவம் ஏற்றதன்று எனவும் கூறினர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவை செய்துகொண்ட பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெண் மருத்துவர் அறுவை செய்த நோயாளிகளுக்குத் தீய பின்விளைவுகள் சற்றுக் குறைவாகவே நேர்ந்தன என்பதை அவ்வாய்வு காட்டிற்று.

பிறப்பாலோ நிறத்தாலோ பாலாலோ ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும்போது, இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று; அவர் கையால் பிழைத்திருக்கக்கூடிய நோயாளிக்கும் உரியது. கதவு யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். உள்ளே புகுவோர் தம் தொழிலைக் குறைவறக் கற்றிருத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே போற்றிய வில்லியம்ஸின் வாழ்க்கை, எத்தொழிலை மேற்கொள்வோரும் நெஞ்சில் நிறுத்தத்தக்கதாகும்.